டீசல் குடித்த குழாய்

செத்தவனின் மனைவியும், அவனைக் கொன்றதாகப் பிடிபட்டவனின் மனைவியும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல்மாடியில் இருந்தது குலாம் முகம்மதுவின் அலுவலகம். கீழே ரப்பர் வேகும், மேலே குலாம் வெந்துகொண்டிருப்பார். எண்பத்தொன்பதாம் வருஷத்துச் சித்திரை அப்படி. ஐம்பதைத் தாண்டிய மனிதர். இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து, எரிந்த குடோன்களையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்துப் பார்த்து, பொய் எந்த இடத்தில் கருகும் என்று தெரிந்துகொண்டவர். பிறகு வேலையை விட்டுவிட்டு வாசலில் 'தனியார் துப்பறிவாளர்' என்று பலகை மாட்டினார்.

அவருடைய உதவியாளர் பவளம், ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். மேனேஜர் தன் மனைவியிடம் சொன்ன பொய்யைக் கேட்டு லைனிலேயே சிரித்துவிட்டதால் வேலை போனவள்.

பர்தா அணிந்த பெண்தான் முதலில் பேசினாள். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"நான் ஜெய்னப். மெஹபூப் பாஷாவோட சம்சாரம், பாய். இது பாப்பம்மா. முனிவேலோட சம்சாரம்."

பவளத்தின் கையிலிருந்த டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

அந்தப் பெயர்கள் ஊருக்கே தெரியும். சிப்காட் தொழிற்பேட்டையின் கடைசியில், இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஒரு ஃபோர்ஜிங் ஆலையில் போன மாதம் தீ. கீழ்த் தொட்டியிலிருந்து உலைக்கு டீசல் ஏற்றும் ரப்பர் ஓஸ் வெடித்து, உலையின் வாயில் பீச்சியடித்தது. பக்கத்தில் நின்ற பாஷா எரிந்து செத்தார். ஓஸ் கத்தியால் அறுக்கப்பட்டது என்றது போலீஸ். முந்தின நாள் பாஷாவும் ஃபிட்டர் முனிவேலும் அந்த இடத்திலேயே சத்தம் போட்டுச் சண்டை போட்டதை ஷிப்டே பார்த்திருந்தது. முனிவேலின் பையில் கத்தியும் இருந்தது. கொலை வழக்கு.

"அவன் என் வீட்டுக்காரரைக் கொல்லலை, பாய்," என்றாள் ஜெய்னப். "நோன்புக் கஞ்சி எங்க வீட்ல அவனுக்குன்னு ஒரு தூக்குல தனியா இருக்கும். மாரியம்மன் பண்டிகைக்குக் கூழு அவங்க வீட்ல இருந்து வரும். அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி. யாரோ செஞ்சதை இவன் தலையில கட்டிட்டாங்க. யாருன்னு நீங்க கண்டுபிடிக்கணும்."

பாப்பம்மா சின்னப் பெண். காலோரத்தில் வயல் மண் காய்ந்திருந்தது. "அவரு வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க. 'நான் அறுக்கல'ன்னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல கேட்டா செவுத்தப் பாக்கறாரு."

"நல்லது," என்றாள் பவளம். "பேசறவங்க கேஸையெல்லாம் போலீஸே முடிச்சிடுது. பேசாதவங்களை நம்பித்தான் எங்க பொழப்பே ஓடுது."

பாப்பம்மா லேசாகச் சிரித்தாள். ஜெய்னப் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். குலாம் அந்தக் கைகளைப் பார்த்தார். கேஸை ஒத்துக்கொண்டார்.

*

ஆலையின் மேனேஜர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே பேசினார்.

"வெடிச்ச துண்டைப் போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க. மிச்சம் அதோ, ஸ்கிராப்ல கிடக்கு. பாத்துக்குங்க. பாஷா நல்ல மனுஷன். அவர் மேல ஒரு குறை கிடையாது. அதனாலதான் அவர் சம்சாரத்துக்கு பேக்கிங் செக்‌ஷன்ல வேலை போட்டுக் குடுக்கறோம். ஒண்ணாம் தேதியில இருந்து வரச் சொல்லியிருக்கேன்."

பழைய இரும்புச் சீவல்களுக்கு நடுவே ஒரு கறுப்புப் பாம்பு மாதிரி கிடந்தது ஓஸ். குலாம் குந்தி உட்கார்ந்து அதைத் தடவினார். கிளாம்ப் மாட்டியிருந்த இடம் மட்டும் பள்ளமாக இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் ரப்பர் பிதுங்கி நின்றது.

"கல்யாணச் சாப்பாடு முடிச்ச எங்க மாமா மாதிரி இருக்கு," என்றாள் பவளம். "பெல்ட்டு இருந்த இடம் மட்டும்தான் பழைய மாமா."

"சரியாச் சொன்னே. இது வீங்கியிருக்கு."

விரலால் அமுக்கினார். களி மாதிரி அமுங்கியது. நடுவில் ஓரிடத்தில் ஊசி முனையளவு ஓட்டை. அந்த இடத்தில் ஓஸை நெடுக்காகப் பிளந்து உள்பக்கத்தைத் திருப்பினார். வெளியே ஊசி முனையாக இருந்தது உள்ளே விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"இது வெடிச்ச இடம் இல்லை. அடுத்து வெடிக்க இருந்த இடம். பாத்தியா? கத்தின்னா வெளியிலயிருந்து உள்ளே போகும். இது உள்ளேயிருந்து வெளிய வந்திருக்கு."

"அப்போ கொலைகாரன் ஓஸுக்குள்ளயா உக்காந்திருந்தான்?"

"ஆமா."

"யாரு சார்?"

"டீசல்."

மேனேஜர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். "அதெப்படி? நாங்க போட்டது நியோப்ரீன் ஓஸ். எண்ணெய்க்குன்னே செஞ்சது. வருஷக்கணக்கா ஒரு சொட்டு கசிஞ்சதில்லை. நீளவாக்குல மஞ்சக் கோடு போட்டிருக்கும்."

குலாம் துண்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இந்தப் பக்கம் தீ வந்திருக்கவில்லை. ரப்பரில் கருகல் இல்லை. மஞ்சள் கோடும் இல்லை.

வெளியே வந்ததும் பவளம் குதித்தாள். "முடிஞ்சுது சார்! நியோப்ரீன்னு சொல்லி எவனோ சாதா ரப்பரை வித்திருக்கான். அவனைப் பிடிச்சா முனிவேல் வீட்டுக்கு, நாம ஓட்டலுக்கு."

"யாருகிட்ட வாங்கினாங்கன்னு கேட்டியா?"

"பாகலூர் ரோடு. பஷீர் அஹமது ரப்பர் மார்ட்."

*

பஷீர் அஹமது போனில் யாரிடமோ கன்னடத்தில் ஃபேன் பெல்ட் விலை பேசிக்கொண்டிருந்தார். அவருடைய மேஜைமேல் மூடிபோட்ட இரண்டு ஊறுகாய் பாட்டில்கள். இரண்டிலும் டீசல். இரண்டின் அடியிலும் ஒரு ரப்பர் வளையம் கிடந்தது. ஒன்று வாங்கிய நாளில் எப்படியிருந்ததோ அப்படி. இன்னொன்று ஊறின வடையாகி பாட்டிலை அடைத்துக்கொண்டிருந்தது.

"எது சார் ஸ்பெஷல், எது சாதா?" என்றாள் பவளம்.

பஷீர் போனை வைத்தார். "ஊறினது மரத்துப் பால் ரப்பர். ஊறாதது நியோப்ரீன். அது மரத்துல வர்றதில்லைம்மா, கெமிக்கல்ல செய்யறது. எண்ணெயில ஊறாது, வெயில்ல வெடிக்காது. அதனாலதான் லாரி ரேடியேட்டர் ஓஸ், ஃபேன் பெல்ட், ஆசிட் வேலைக்குக் கையுறை, எல்லாம் அதுல வருது. உன் செருப்பை ஒட்டியிருக்கற பசையும் அதுதான். ஹைவேல பாலத்துத் தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவுல ஒரு மெத்தை வெப்பான், அதுவும் அதான். விலை மட்டும்தான் கொஞ்சம் கடிக்கும்."

"பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட பேசற மாதிரி பேசறீங்களே."

"தங்கமான பொண்ணும்மா," என்று பஷீரும் விடவில்லை.

குலாம் பையிலிருந்து ஸ்கிராப் துண்டை எடுத்து வைத்தார். "இதை நியோப்ரீன்னு அந்த ஃபோர்ஜிங் ஆலைக்கு நீங்க வித்ததா சொல்றாங்க."

பஷீரின் முகம் மாறியது. எழுந்து கடையின் பின்பக்கம் போய் ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். கறுப்பு. முழு நீளத்துக்கும் மஞ்சள் கோடு.

"அவங்களுக்கு வெட்டிக் கொடுத்ததோட மிச்சம். இன்னும் என்கிட்டயே இருக்கு. மார்க்கெட்ல இருபது வருஷமா இருக்கேன், பாய். மனுஷன் உயிர் போற சாமான்ல கை வைக்க மாட்டேன்."

குலாம் நம்பினார். அதனால்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார். "அப்போ இந்தத் துண்டு யாரோடது?"

பஷீர் அதை வாங்கி ஓரத்தை நகத்தால் பிரித்தார். ரப்பருக்கு நடுவே நீல நூல் பின்னல் தெரிந்தது.

"இதுவும் என் சரக்குதான். சாதா தண்ணி ஓஸ். கேரளாவுல இருந்து வருது. இந்த நீல நூல் ஓசூர்ல என்கிட்ட மட்டும்தான்."

"ஆலைக்குக் கொடுத்தீங்களா?"

"ஆலைக்கு எதுக்கு? வயலுக்குத் தண்ணி பாய்ச்ச வாங்குவாங்க. இந்த அளவுல போன சீசன்ல ஒண்ணே ஒண்ணுதான் போச்சு. அந்த ஆலை ஃபிட்டர் பையன் வந்தான். சூளகிரிக்கிட்ட நிலம் இருக்கு, இன்ஜினுக்கு வேணும்னான். பேரு... முனிவேல்."



*

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் காற்று வரவில்லை. கண்டக்டர் டிக்கெட்டை மூன்று பாஷையில் கேட்டார்.

"சார், அவன் வாங்கின ஓஸ் அவன் வயல்லயே இருந்தா நாம பொழச்சோம்," என்றாள் பவளம். "பஷீர் பாய்க்கு ஞாபகப் பிசகு. வேற யாரோ வாங்கியிருப்பாங்க."

"இருக்கலாம்."

"அப்படி இல்லாட்டி?"

"அப்போ அந்த வயல்ல வேற எதுவோ இருக்கும்."

சூளகிரியில் இறங்கி, மண் ரோட்டில் நடந்தார்கள். வழியிலிருந்த வயல்களில் பாதி காய்ந்து கிடந்தது. ஒரு கிணற்றடியில் பழைய ஓஸ் ஒன்று வெயிலில் வெடித்து, கரும்புச் சக்கை மாதிரி கிடந்தது. அதற்கடுத்த கிணற்றில் ஓஸ் முழுக்கத் துணிக்கட்டு. அதையும் தாண்டிப் போனபோது டீசல் இன்ஜின் சத்தம் கேட்டது. அதோடு பச்சைக் கொத்தமல்லியின் வாசனையும் வந்தது.

சுற்றிலும் செம்மண்ணாக இருந்த இடத்தில் அந்த ஒரு துண்டு நிலம் மட்டும் பச்சையாக நின்றது. பாப்பம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடை திருப்பிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா?"

குலாமின் பார்வை இன்ஜினுக்குக் கீழே இருந்தது. இன்ஜினிலிருந்து டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகிற இடத்திலேயே ஓஸ் கிடந்தது. அங்கிருந்து சூடேறிய பாறைமேல் ஏறி, இறங்கி, வரப்பு வரைக்கும் போனது. வீக்கம் இல்லை. வெடிப்பு இல்லை. தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். மஞ்சள் கோடு.

"நல்ல ஓஸுங்க," என்றாள் பாப்பம்மா. யாராவது வந்தால் காட்டிப் பழகியிருந்தாள் என்பது தெரிந்தது. "ஊர்ல எல்லார்துமே வெயிலுக்கு வெடிச்சிப் போச்சு. எங்களுது அப்படியே புதுசாட்டம் இருக்குது. அவருதான் தைப் பொங்கலுக்கு அப்பறம் கொண்டாந்து மாட்டுனாரு. மல்லி பூரா இதாலதான் நிக்குது. இன்னும் கொஞ்ச நாள்ல அறுத்துடலாம்..."

அவள் பேச்சு தானாகக் குறைந்தது. பவளம் வேறு பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

குலாம் வரப்பில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். ஆலையில் இருக்கவேண்டிய ஓஸ் இங்கே இருக்கிறது. இங்கே இருக்கவேண்டிய ஓஸ் ஆலையில் இருந்தது. அது தண்ணீருக்கான சாமான். டீசலைக் குடித்து வீங்கி, இளகி, வெடித்தது. யாரும் அறுக்கவில்லை. மாற்றிவைத்தவன் ஒருவன் இருக்கிறான்.

பாப்பம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு இன்ஜினை நிறுத்தினாள். வயல் முழுக்க ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மடையில் இழுத்து இழுத்து நின்றது.

அவள் அழவில்லை. ஓஸைக் கழற்றி இழுத்துக்கொண்டு போய்ப் பாறைமேல் போட்டாள். டின்னிலிருந்த டீசலை அதன்மேல் கவிழ்த்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று பவளத்துக்குப் புரிவதற்குள் கிணற்றோரம் மூட்டியிருந்த அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

தீ குப்பென்று எழுந்தது. கரும்புகை வந்தது. மூன்று பேரும் பின்வாங்கி நின்றார்கள்.

டீசல் தீர்ந்தது. தீயும் தாழ்ந்து, அங்கங்கே நக்கி, அணைந்தது. ஓஸ் மேலே கருகிப்போய், ஆனால் முழுசாக, அப்படியே கிடந்தது. ஒருபக்கம் மஞ்சள் கோடுகூடத் தெரிந்தது.

பாப்பம்மா கொள்ளியை மறுபடியும் கொண்டுபோய் ரப்பர்மேல் வைத்து அமுக்கினாள். வைத்த இடம் மட்டும் புகைந்தது. கொள்ளியை எடுத்தால் அணைந்தது. திரும்ப வைத்தாள். திரும்ப அணைந்தது.

"எரியாதும்மா," என்றார் குலாம். "தீயை எடுத்துட்டா அதுவே அணைஞ்சிடும். அதோட குணம் அது. அதுக்காகத்தான் உலைக்குப் பக்கத்துல அதைப் போட்டிருந்தாங்க."

கொள்ளி அவள் கையிலிருந்து விழுந்தது. அப்போதுதான் அழுதாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத எடுத்துக்கிட்டுப் போனா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"முனிவேல் அறுக்கலைன்னு ஆகும். கொலை கேஸ் நிக்காது. ஆனா பாஷா செத்ததுக்கு அவன்தான் காரணம்னு ஆகும். அதுக்கும் ஜெயில் உண்டு."

"எடுக்காட்டி?"

"கொலை கேஸ்."

"ஜெய்னப் அக்காகிட்ட நான் என்னான்னு சொல்லுவேன்?"

பவளம் ஓஸைச் சுருட்டத் தொடங்கினாள். பட்டுச் சேலையை மடிப்பதைப்போல மெதுவாக, கரி உதிராமல் சுருட்டினாள்.

*

கிருஷ்ணகிரி சப்-ஜெயிலில் கம்பிக்குப் பின்னால் நின்ற முனிவேல், பாப்பம்மாவோடு ஜெய்னப்பையும் பார்த்ததும் உள்ளே திரும்பிப் போகப் பார்த்தான்.

"நில்லு தம்பி," என்றார் குலாம். "இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வெச்சாங்க. ரெண்டு பேர் முன்னாடியும்தான் கேப்பேன். உன் வயல்ல இருந்த ஓஸ் இப்போ என்கிட்ட இருக்கு."

முனிவேல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஜெய்னப்புக்கு விஷயத்தை வரும் வழியிலேயே குலாம் சொல்லியிருந்தார்.

"திருடணும்னு எடுக்கலீங்க," என்றான். "எங்க ஓஸு வருசா வருசம் வெடிச்சுப் போவும். பேக்டரில இருந்தது மட்டும் அப்படியே இருக்கும். புது ஓஸு ஒண்ணு வாங்கினேன். அதை அங்க மாட்டிட்டு, அங்க இருந்த பழச எடுத்துக்கிட்டேன். புதுசக் குடுத்துட்டுப் பழசத்தானே எடுக்கறோம், கம்பெனிக்கு லாபந்தானேன்னு நெனச்சேன். ரப்பர்ல ரெண்டு சாதி இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க."

"ஃபிட்டருக்குத் தெரியாதா?" என்றாள் பவளம். அவள் குரலில் கிண்டல் இல்லை.

"ஸ்பேனர் புடிக்கத் தெரியும். என்ன அளவுன்னு பாப்பேன். என்ன ரப்பருன்னு யாரு சொன்னாங்க?"

"சண்டை எதுக்கு?" என்றார் குலாம்.

முனிவேல் ஜெய்னப்பைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். வழக்கம்போலச் சுவரைப் பார்த்தான்.

"அவங்களைப் பாத்துச் சொல்லு," என்றார் குலாம்.

"அண்ணி, வேணாம் அண்ணி."

"சொல்லுடா," என்றாள் ஜெய்னப்.

"பாஷா பாய்க்குத் தெரியும் அண்ணி. ஓஸு வீங்குதுன்னு பாய்தான் மொதல்ல பாத்தாரு. 'எங்கடா பழசு?'ன்னு கேட்டாரு. நான் ஒத்துக்கிட்டேன். 'இன்னிக்கே கொண்டாந்து மாட்டு'ன்னு கத்துனாரு. அதான் எல்லாரும் பாத்த சண்ட. நான் கால்ல வுழாத கொறயா கேட்டேன். 'மல்லிய அறுக்கற வரைக்கும் பொறுத்துக்க பாய். இந்த வெயில்ல ஓஸக் கழட்டுனா ஒரு வாரத்துல அத்தனையும் காஞ்சிடும். அறுத்த காசுல புதுசு வாங்கிப் போட்டுட்டு, இத மாட்டிடறேன்'னேன்."

"என்ன சொன்னார்?"

"'சரி, அதுவரைக்கும் பம்ப்பு பக்கம் வேற யாரையும் நிறுத்தாதே. நான் நிக்கறேன். கசிஞ்சா நான் வால்வை மூடிக்கறேன்'னாரு."

ஜெய்னப் சுவரில் கைவைத்துக்கொண்டாள்.

"அதான் முந்தின நாள் வீட்டுக்கு வந்தப்போ டீசல் நாத்தம்," என்றாள், யாரிடமென்று இல்லாமல். "ஏன் இப்படி நாறுதுன்னு கேட்டேன். 'ஓஸ் கசியுது, மாத்தற வரைக்கும் நானே பாத்துக்கறேன்'னார். நான் சோப்பை எடுத்துக் கொடுத்தேன்."



"இத ஏண்டா ஸ்டேஷன்ல சொல்லலை?" என்று பவளம் கேட்டாள்.

"பாய்க்கு ஒண்ணும் தெரியாது, பாய் மேல தப்பில்லன்னுதான் மேனேஜரு அண்ணிக்கு வேலை தர்றாரு. தெரிஞ்சிருந்தும் மறச்சாருன்னு ஆச்சுன்னா குடுப்பாங்களா? அறுக்கலன்னா பின்ன எப்படி வெடிச்சுதுன்னு போலீஸ் கேக்கறாங்க. ஒண்ணு சொன்னா அடுத்தது வரும். அதான் செவுத்தப் பாத்தேன்." அவன் குலாமிடம் கைகூப்பினான். "ஓஸு கதையச் சொல்லிக்குங்க சார். பாய்க்குத் தெரியும்ங்கறத மட்டும் சொல்லாதீங்க."

குலாம் அவனிடம் மறைக்கவில்லை. "தம்பி, அவருக்குத் தெரியும்னு வந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச மடத்தனம். தண்டனை குறையும். அவருக்குத் தெரியாதுன்னு வந்தா, ஆபத்து தெரிஞ்சும் நீ மறைச்சு அவரை அங்க நிக்க விட்டேன்னு ஆகும். வருஷக்கணக்குல உள்ள இருப்பே."

"இருந்துக்கறேன்," என்றான் முனிவேல்.

வெளியே வெயிலில் கண் கூசியது. ஜெய்னப் பின்னால் திரும்பாமல் நடந்தாள். பாப்பம்மா "அக்கா" என்று ஒருமுறை கூப்பிட்டாள். இரண்டாவது முறை கூப்பிடவில்லை.

*

கருகிய ஓஸையும், பஷீரின் சுருளையும், நீல நூல் துண்டையும் குலாம் போலீஸில் ஒப்படைத்தார். அவற்றைப் பற்றிச் சொன்னார். பாஷாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் தன் உரிமை இல்லை என்று நினைத்தார்.

"கேஸைக் கண்டுபிடிச்சோமா, கெடுத்தோமா சார்?" என்று பவளம் கேட்டாள்.

"கண்டுபிடிச்சோம்."

"அப்படின்னா கெடுத்தது யாரு?"

அவர் சிகரெட்டைப் பற்றவைத்து, பிடிக்காமலே அணைத்தார்.

கொலைக் குற்றம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகக் குலாம் பயந்தபடியே ஆயிற்று. ஆபத்து என்று தெரிந்தும், விவரம் தெரியாத சக தொழிலாளியை அதன் பக்கத்தில் நிற்கவிட்டான் என்று புதுக் குற்றச்சாட்டு. மல்லி நின்றபடியே காய்ந்து சருகானது. பாப்பம்மா கிரானைட் பட்டறையில் கல் கழுவும் வேலைக்குப் போனாள். ஜெய்னப் ஒண்ணாம் தேதி பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்தாள். இரண்டு பேரும் மறுபடி சந்தித்ததாகத் தகவல் இல்லை.

விசாரணை நாளன்று கிருஷ்ணகிரி கோர்ட்டில் கூட்டம் அதிகமில்லை. பின் வரிசையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். குலாமும் பவளமும் தூணோரம் நின்றார்கள்.

முதலில் பாப்பம்மா. அரசு வக்கீல் மேஜைமேல் கிடந்த ஓஸைக் காட்டினார்.

"இது உங்க வீட்டு ஓஸ்தானே?"

பாப்பம்மா அதைப் பார்த்தாள். "இல்லீங்க. பேக்டரி ஓஸுங்க."

அடுத்து ஜெய்னப்பைக் கூப்பிட்டார்கள். சாட்சிக் கூண்டில் ஏறி நின்றாள். முனிவேல் தலையைத் தூக்கவில்லை.

வக்கீலுக்கு அவள்மேல் இரக்கம் இருந்தது. கேள்வியைச் சுலபமாகவே கேட்டார். "அம்மா, இந்த ஓஸை மாத்தினது, அது கசிஞ்சது, இதெல்லாம் உங்க கணவருக்குத் தெரியாது. அப்படித்தானே?"

ஜெய்னப் பின் வரிசையைப் பார்த்தாள். மேனேஜர் அவளைப் பார்த்து, தைரியமாகச் சொல்லு என்பதுபோலத் தலையசைத்தார்.

"தெரியும்," என்றாள்.

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். "என்னம்மா சொல்றீங்க? யோசிச்சுச் சொல்லுங்க. அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். வீட்ல என்கிட்டயே சொன்னார். ஓஸ் கசியுது, மாத்தற வரைக்கும் நானே நிக்கறேன்னு."

எதிரே குற்றவாளிக் கூண்டுக்குள் இருந்த முனிவேல், "அண்ணி" என்றான். போலீஸ்காரர் அவனை அதட்டினார். மேனேஜர் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, வெளியே போனார். ஜெய்னப் அவர் போவதையும் பார்த்தாள்.

"தெரிஞ்சிருந்தா, நிர்வாகத்துக்கு ஏன் சொல்லலை? அன்னிக்கே ஓஸை மாத்தச் சொல்லியிருக்கலாமே?"

டைப்பிஸ்ட் மெஷின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஜெய்னப் பர்தாவின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்த பாப்பம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"இவங்க வயல்ல மல்லி காஞ்சிடும்னு," என்றாள்.